ஸ்டிக் சரி, கைரோ தலைகீழ்: ஆர்.சி. விமானத்தில் ஸ்டெபிலைசர் பொருத்துவதும் சோதிப்பதும்

கேள்வியின் சுருக்கம் இது. வெள்ளகோவில் பக்கத்து நண்பர் ஒருவர் சன்பேக் ஷீட்டில் (விளம்பரப் பலகைக்கான பிளாஸ்டிக் அட்டை) 120 செ.மீ. இறக்கை கொண்ட பயிற்சி விமானம் செய்திருக்கிறார். 2212 மோட்டார், 10 இஞ்ச் ப்ரொப்பெல்லர், 3 செல் 2200 பேட்டரி, தகடுகளை அசைக்க நான்கு 9 கிராம் சர்வோ, ஃபிளைஸ்கை ஐ6 ரிமோட். விமானம் சாய்வதை உணர்ந்து தானாகத் திருத்தும் பெட்டியான ஆறு அச்சு ஸ்டெபிலைசர் ஒன்றைப் புதிதாக வாங்கி மாட்டியிருக்கிறார். "தரையில் ஸ்டிக்கை அசைத்தால் எல்லாம் சரியாக அசைந்தது. இறக்கையில் உள்ள ஏலரான் தகடு மட்டும் முதலில் தலைகீழாகப் போனது, ரிமோட்டில் ரிவர்ஸ் போட்டுச் சரிசெய்தேன். தானாக மட்டத்துக்கு வரும் ஆட்டோ லெவல் மோடில் வைத்துக் கையால் எறிந்தேன். விட்ட மாத்திரத்தில் இடது பக்கம் சாய்ந்து கிளுவை வேலியில் போய்ச் செருகிக்கொண்டது. ஸ்டெபிலைசர் பழுதுங்களா?"

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவுங்க. காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: ரிமோட்டில் போட்ட அந்த ரிவர்ஸ்.

சிக்னல் போகும் பாதையைப் பாருங்கள். ரிமோட்டிலிருந்து விமானத்துக்குள் உள்ள ரிசீவர், ரிசீவரிலிருந்து ஸ்டெபிலைசர், அங்கிருந்து சர்வோ. ரிமோட்டில் ரிவர்ஸ் போடும்போது ஸ்டெபிலைசருக்குள் நுழையும் கட்டளை மட்டுமே திரும்புகிறது. விமானம் சாய்வதை உணர்ந்து ஸ்டெபிலைசர் தானாகச் சர்வோவுக்கு அனுப்பும் திருத்தம் அந்தப் பாதையில் வருவதே இல்லை. அது பெட்டிக்குள்ளேயே பிறக்கிறது. ஆகவே ஸ்டிக் சரியாகிவிட்டது, கைரோ, அதாவது சாய்வை உணரும் பகுதி தரும் திருத்தம், தலைகீழாகவே நின்றுவிட்டது. ஏன் இடது பக்கம்? மூக்கில் உள்ள ப்ரொப்பெல்லர், பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. அதன் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் உருட்டப் பார்க்கும். முழு த்ராட்டிலில் (மோட்டார் வேகத்தில்) எறியும்போது அந்தச் சிறு சாய்வு கட்டாயம் வரும். சரியான கைரோ அதை நிமிர்த்தியிருக்கும். தலைகீழ் கைரோ அதே பக்கம் இன்னும் தள்ளிவிட்டது. அதுவும் ஆட்டோ லெவல் மோடில், சாய்வு கூடக்கூட ஏலரானும் கடைசி வரை போகும். நீங்கள் ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் பிடித்திருந்தாலும் மீட்க நேரம் இருந்திருக்காது.

இனி முதலிலிருந்து வருவோம். ஸ்டெபிலைசர் மாட்டுவதற்கு முன்னால் விமானம் தானாகவே ஒழுங்காகப் பறக்க வேண்டும். கோணலான இறக்கையையும் தப்பான எடைமையத்தையும் ஸ்டெபிலைசர் மறைத்துவைக்கும், சரிசெய்யாது. மறைத்துவைத்த குறை வேகம் குறையும்போது, அதாவது இறங்கும் நேரத்தில், வெளியே வரும். உங்கள் இறக்கையின் அகலம் 20 செ.மீ. என்றால், முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ.க்குள் எடைமையம் இருக்கட்டும். இரண்டு விரல் நுனிகளில் தூக்கிப் பிடித்தால் மூக்கு இம்மி தாழ்ந்து நிற்க வேண்டும். மோட்டார் வலப்பக்கம் 2 டிகிரியும் கீழ்ப்பக்கம் 2, 3 டிகிரியும் திரும்பியிருந்தால் மோட்டாரால் மூக்கு இடப்பக்கம் திரும்புவதும் மேலே தூக்குவதும் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். ஸ்டெபிலைசர் இல்லாமல், அல்லது அதை ஆஃப் மோடில் வைத்து, இரண்டு மூன்று முறை பறக்கவிட்டு டிரிம் (ஸ்டிக்கைத் தொடாமல் நேராகப் பறக்க ரிமோட்டில் செய்யும் சிறு திருத்தம்) பார்த்துக்கொள்ளுங்கள். அந்த டிரிமை ரிமோட்டில் அப்படியே விட்டுவிடக் கூடாது. தரைக்கு வந்ததும், சர்வோவைத் தகட்டோடு இணைக்கும் கம்பியான புஷ்ராடின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து, ரிமோட் டிரிம் பூஜ்யத்தில் இருக்கும்போது ஏலரானும், மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டரும் அதே இடத்தில் நிற்கும்படி செய்யுங்கள். பல ஸ்டெபிலைசர்கள் கரன்ட் வந்ததும் ஸ்டிக் நிற்கும் இடத்தையே நடுநிலை என்று பதிந்துகொள்ளும். பிற்பாடு டிரிம் பொத்தானைத் தட்டினால் 'ஓட்டுபவர் ஸ்டிக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருக்கிறார்' என்றே அது எடுத்துக்கொள்ளும். லெவல் மோடில் விமானம் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

புஷ்ராடு என்றதும் இன்னொன்று. 1.2 மி.மீ. கம்பியை 1.5 மி.மீ. துளையில் மாட்டி 'லேசாத்தான் ஆடுது' என்று விடுவது கையால் ஓட்டும் விமானத்துக்குப் பரவாயில்லை. ஸ்டெபிலைசருக்கு அந்த ஆட்டம் விஷம். திருத்தம் அனுப்புகிறது, தகடு அசையவில்லை, கூடுதலாக அனுப்புகிறது, இப்போது தேவைக்கு மேல் அசைகிறது, திரும்ப இழுக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 'கெயின் அதிகம்', அதாவது திருத்தத்தின் பலம் அதிகம், என்று தோன்றும். கெயினைக் குறைத்துக்கொண்டே போனாலும் தீராது. சர்வோ கையில் உள்பக்கத் துளை, கட்டுப்பாட்டுத் தகட்டின் ஹார்னில் (கம்பி மாட்டும் கொம்பு) வெளிப்பக்கத் துளை என்று மாட்டுங்கள். அசைவின் அளவு குறையும், நுணுக்கம் கூடும், ஆட்டமும் சுருங்கும். சன்பேக்கில் ஹார்னை வெறும் ஹாட் க்ளூவில் ஒட்டாமல், மறுபக்கம் ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்து இரண்டு ஸ்க்ரூ போடுங்கள். சித்திரை வெயிலில் அந்தப் பசை இளகிவிடும்.

பெட்டியை வைக்கும் இடம் எடைமையத்துக்கு அருகில், உடற்பகுதியின் நடுக்கோட்டில். அம்புக்குறி மூக்கைப் பார்க்கட்டும், பெட்டியின் விளிம்பு நடுக்கோட்டுக்கு இணையாக இருக்கட்டும். எடைமையத்திலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. தள்ளியிருந்தால் குடி முழுகிவிடாது. கோணலாக வைத்தால்தான் தொல்லை. 10 டிகிரி திரும்பியிருந்தாலே உருளும்போது எலிவேட்டரும் சேர்ந்து அசையத் தொடங்கும். அடியில் ஒரு சிறு மெல்லிய ஒட்டுப்பலகையை ஒட்டி, அதன்மேல் 1 மி.மீ. தடிமனுள்ள இருபக்க ஃபோம் டேப் போட்டு அமுக்குங்கள். வெல்க்ரோ வேண்டாம், அதில் பெட்டி தனியாக ஆடும். மூடி திறக்கும் பலகையிலும் வேண்டாம். ஒவ்வொரு முறை மூடும்போதும் கோணம் மாறும். சர்வோ ஒயர்கள் விறைப்பாகப் பெட்டியை இழுக்காதபடி கொஞ்சம் தளர்வு விடுங்கள். ஒயர் வழியாகவும் அதிர்வு வரும்.

ஒயரிங் எளிது. ரிசீவரின் 1, 2, 4 சேனல்கள், அதாவது ஏலரான், எலிவேட்டர், ரடர் (வாலின் செங்குத்துத் தகடு), ஸ்டெபிலைசரின் உள்ளீட்டுப் பின்களுக்குப் போகின்றன. 5ஆம் சேனல் மோடு மாற்ற. ஐ6 ரிமோட்டில் மூன்று நிலை உள்ளது சி ஸ்விட்ச் ஒன்றுதான். ஆக்ஸ் சேனல் மெனுவில் 5க்கு அதைக் கொடுங்கள். மேல் நிலையில் ஆஃப், நடுவில் சாதா நிலைப்பு (திடீர் அசைவை மட்டும் எதிர்ப்பது), கீழே ஆட்டோ லெவல் என்று வரும்படி வைத்தால் பதற்றத்தில் விரல் தானாக மேலே தள்ளும்போது ஸ்டெபிலைசர் விலகிவிடும். த்ராட்டில் ஒயர் மூன்றாம் சேனலில் நேராக ரிசீவருக்கே இருக்கட்டும். இரண்டு ஏலரான் சர்வோவையும் ஒய் கேபிளில் சேர்த்து ஒரே வெளியீட்டில் கொடுக்கலாம். வால் இல்லாத டெல்டா விமானமாக இருந்தால், ஏலரானையும் எலிவேட்டரையும் ஒரே தகடுகளில் சேர்க்கும் கலவையை ஸ்டெபிலைசரிலேயே அமைக்க வேண்டும், ரிமோட்டில் கலவை போடக் கூடாது. இரண்டு இடத்திலும் போட்டால் கட்டளைகள் ஒன்றோடொன்று குழம்பிப்போகும்.

இங்கே பலரும் பார்க்காமல் விடுவது கரன்ட். ஸ்டெபிலைசர் இருந்தால் சர்வோக்கள் ஓய்வெடுப்பதே இல்லை, பறக்கும் நேரம் முழுக்க நடுங்கிக்கொண்டே இருக்கும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.க்களில், விலை குறைந்த 30 ஆம்பியர் வகை என்றால், ரிசீவருக்கும் சர்வோவுக்கும் 5 வோல்ட் தரும் பி.இ.சி. பெரும்பாலும் லீனியர் வகையாகத்தான் இருக்கும். முழுச் சார்ஜில் 3 செல் பேட்டரி 12.6 வோல்ட், அது 5 வோல்ட்டாக இறங்க வேண்டும். சர்வோக்கள் சேர்ந்து 1 ஆம்பியர் இழுத்தால், மீதி 7.6 வோல்ட் முழுவதும் வெப்பமாகி 7.6 வாட் அந்தச் சின்னத் துண்டில் எரிகிறது. கரூரிலும் ஈரோட்டிலும் ஏப்ரல், மே மாத மதியத்தில் மூடிய சன்பேக் உடலுக்குள் அது எவ்வளவு தாங்கும்? சூடேறி வோல்ட்டேஜ் ஒரு கணம் விழுந்தால் ரிசீவரோடு ஸ்டெபிலைசரும் அணைந்து மறுபடி எழும். எழுந்ததும் அசையாமல் இருக்கும் நிலை எது என்று ஆகாயத்திலேயே தேடும். அதன்பின் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இ.எஸ்.சி.க்குக் காற்று புகவும் வெளியேறவும் வழி விடுங்கள். 3 ஆம்பியர் தரும் ஸ்விட்சிங் வகை பி.இ.சி.யைத் தனியாகப் போடுவது இன்னும் நல்லது. அப்படிப் போட்டால் இ.எஸ்.சி.யின் சிவப்பு ஒயரைப் பின்னிலிருந்து கழற்றி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள்.

ஸ்டெபிலைசரில் சர்வோ அதிர்வெண் என்று ஓர் அமைப்பு இருந்தால் 50 ஹெர்ட்ஸில் வையுங்கள். 9 கிராம் நீலச் சர்வோக்கள் அனலாக் வகை. 333 ஹெர்ட்ஸ் டிஜிட்டல் சர்வோவுக்கு. அனலாக்கில் கொடுத்தால் முனகும், சூடாகும், புகையும்.

இப்போது முக்கியமான கட்டம். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் செய்யும் சோதனை எதுவும் வீட்டுக்குள் வேண்டாம். விமானத்தைத் தரையில் வைத்து, ஸ்டிக்குகள் நடுவில் இருக்க, கரன்ட் கொடுத்து விளக்கு நிலைக்கும் வரை தொடாமல் இருங்கள். கையில் பிடித்தபடி பேட்டரி மாட்டுவது உங்கள் விபத்தில் இரண்டாவது சந்தேகம். சில பெட்டிகள் அசைவு நிற்கும் வரை விளக்கைச் சிமிட்டிக் காத்திருக்கும். சில அந்த அசைவையே நிலைப்பு என்று எடுத்துக்கொண்டு பிறகு ஒரு பக்கமாகவே ஓடும். காற்றடிக்கும்போது வண்டி சீட்டின் மேலோ ஸ்டாண்டிலோ வைத்துத் தொடங்கினாலும் இதே கதை. மூடிய காரில் வெயிலில் கிடந்த விமானத்தை எடுத்தவுடன் மாட்டாதீர்கள். கைரோ சில்லின் நடுநிலை வெப்பத்தோடு நகரக்கூடியது. ஐந்து நிமிடம் நிழலில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் ஆஃப் மோடில் ஸ்டிக் திசை. பின்னால் நின்று பார்க்கையில் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலரான் மேலே, இடது கீழே. ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. ரடர் வலம் என்றால் வலம். தப்பாக இருந்தால் ரிமோட்டில் ரிவர்ஸ், இந்த ஒரு கட்டத்தில் மட்டும்.

அடுத்தது சாதா நிலைப்பு மோடில் கைரோ திசை. இதற்குப் பத்து விதமாக மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரே விதி: விமானத்தின் ஒரு பாகத்தை எந்தத் திசையில் தள்ளுகிறீர்களோ, அந்தப் பாகத்தில் உள்ள தகடும் அதே திசையில் போக வேண்டும். வலது இறக்கையைக் கீழே வெடுக்கென்று சாய்த்தால் வலது ஏலரான் கீழே போகணும். மூக்கைத் தூக்கினால் வால் தாழ்கிறது, எலிவேட்டரும் தாழணும். வாலை இடப்பக்கம் வீசினால் ரடரும் இடப்பக்கம். தாழும் இறக்கையில் ஏலரான் கீழிறங்கினால் அங்கே தூக்குவிசை கூடி இறக்கை மேலே வரும். எதிர்க்கிற வேலை அதுதான். இதில் ஒன்று தலைகீழாக இருந்தால் ரிமோட்டைத் தொடவே கூடாது. ஸ்டெபிலைசரில் உள்ள சிறு ரிவர்ஸ் ஸ்விட்ச், அல்லது அதன் அமைப்பு மெனு. சில பெட்டிகளில் கெயின் திருகின் நடுப்புள்ளி பூஜ்யம். அதிலிருந்து இடப்பக்கம் திருகினால் ஒரு திசை, வலப்பக்கம் திருகினால் மறு திசை. மாற்றியபின் ஸ்டிக் திசையை மீண்டும் ஒரு தரம் பாருங்கள்.

சாதா மோடில் நீங்கள் அசைக்கும் கணம் மட்டும் தகடு அசைந்து திரும்பிவிடும். மெதுவாகச் சாய்த்தால் ஒன்றுமே தெரியாது. அது பழுதில்லை, வேகத்தைத்தான் அது எதிர்க்கிறது. ஆட்டோ லெவலில் 30 டிகிரி சாய்த்துப் பிடித்தால் தகடு அப்படியே விலகி நிற்க வேண்டும், நிமிர்த்தினால் நடுவுக்கு வர வேண்டும். இந்த மோடுக்கு மட்டம் பதிவதில் ஒரு நுணுக்கம். மேசைமேல் உடற்பகுதியை மட்டமாக வைத்துப் பதிந்தால் பறக்கும்போது விமானம் மெல்ல இறங்கிக்கொண்டே வரும். மட்டமாகப் பறக்க இறக்கைக்குக் காற்றோடு சில டிகிரி கோணம் வேண்டும். மூக்கு 2, 3 டிகிரி உயர்ந்திருக்கும்படி அடியில் அட்டை வைத்து, இறக்கைகள் இரண்டும் ரசமட்டத்தில் சமமாக இருக்கப் பதிவு செய்யுங்கள்.

அதிர்வுச் சோதனைக்கு மட்டும் ப்ரொப்பெல்லர் வேண்டும், அதை வெளியே செய்யுங்கள். ஒருவர் வாலுக்கு முன்னால் உடலை இறுக்கிப் பிடிக்க, யாரும் ப்ரொப்பெல்லரின் நேர்ப்பக்கத்தில் இல்லாமல், த்ராட்டிலை மெல்ல ஏற்றுங்கள். ஏற ஏறத் தகடுகள் துடித்தால் அதிர்வு கைரோவுக்குள் போகிறது. பெரும்பாலும் குற்றவாளி ப்ரொப்பெல்லரைப் பிடிக்கும் அடாப்டர்தான். கோணலாக இறுக்கப்பட்டு அச்சை விட்டு விலகிச் சுழலும். கழற்றிச் சற்றுத் திருப்பி மாட்டிப் பாருங்கள். ப்ரொப்பெல்லரின் கனமான பக்கத்தில் செல்லோடேப் துண்டு ஒட்டிச் சமன் செய்யுங்கள். வேலியில் விழுந்த மோட்டாரின் அச்சு வளைந்திருந்தால் என்ன செய்தாலும் தீராது, அச்சை மாற்றுங்கள்.

பறக்கவிட உங்கள் ஊர்க் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) நல்ல இடம்தான். கொழுக்கட்டைப் புல் மெத்தை மாதிரி, வயிற்றால் இறங்கலாம். மாடு மேயாத பக்கமாகவும், வேலியிலிருந்து நூறடியாவது தள்ளியும் நில்லுங்கள். கோவை, சூலூர்ப் பக்கம் இருப்பவர்கள் விமான நிலையமும் விமானப்படைத் தளமும் இருப்பதை மறக்காமல், அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் பச்சை மண்டலமா என்று பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். பச்சை மண்டலத்திலும் 120 மீட்டர்தான் உச்சவரம்பு, விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கி.மீ. தொலைவுக்குள் 60 மீட்டர்தான்.

நேரம் காலை ஆறரை, ஏழு. கெயின் ஏலரானுக்கும் எலிவேட்டருக்கும் 30 சதம், ரடருக்கு 20. ஆஃப் மோடில் எறிந்து மேலேற்றுங்கள். மூன்று தென்னை உயரம் போனதும் பாதி த்ராட்டிலில் நேராக ஓட்டிக்கொண்டே சாதா மோடுக்கு மாற்றுங்கள். ஒரு விரல் ஸ்விட்சை விட்டு நகரக் கூடாது. எதுவும் மாறாதது போல, கொஞ்சம் மெத்தென்று ஆனால் போதும். பிறகு முழு த்ராட்டில். தகடு தரும் விசை வேகத்தின் இருமடியில் ஏறும். வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்கு. பாதி த்ராட்டிலில் அமைதியாக இருந்த கெயின் முழு வேகத்தில் நடுக்கம் தருவது இதனால்தான். இறக்கை படபடவென்று உதறினால் ஏலரான் கெயின் அதிகம். மூக்கு மேலும் கீழும் குதித்தால் எலிவேட்டர். உடனே த்ராட்டிலைக் குறைத்து ஆஃப். உதறலைப் பார்த்துக்கொண்டு நின்றால் பல் சக்கரம் தேயும். 5 சதம் 5 சதமாக ஏற்றி, உதறல் தொடங்கும் புள்ளியிலிருந்து 10 சதம் இறக்கி நிறுத்துங்கள்.

ஆட்டோ லெவல் இதெல்லாம் முடிந்தபிறகுதான். அதன்மேல் நம்பிக்கை வைப்பவர்கள் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அது கோணத்தைக் காக்கும், வேகத்தைக் காக்காது. த்ராட்டிலைக் குறைத்தபடி விட்டால், மூக்கு தாழப் பார்க்கும். லெவல் மோடு எலிவேட்டரைத் தூக்கி மூக்கை மட்டத்திலேயே பிடிக்கும். வேகம் வடிந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும். அந்த நேரத்தில் ஓர் இறக்கை சாய, அதை நிமிர்த்த ஏலரானைக் கீழிறக்கினால் அந்த இறக்கை இன்னும் வேகமாக விழும். ஆகவே லெவல் மோடில் மூன்றில் ஒரு பங்கு த்ராட்டிலுக்குக் கீழே போகாதீர்கள், இறங்குவது சாதா மோடில்.

இரண்டாவது, அது இடத்தையும் காக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றில்தான் பல்லடம், உடுமலைப் பக்கக் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆடியில் 30 கி.மீ. வேகக் காற்றில் 45 கி.மீ. வேக விமானம் அலுங்காமல் பறக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் எதிர்க்காற்றில் மணிக்கு 15 கி.மீ.தான் முன்னேறும். கிழக்கே தள்ளிப்போய்விட்டால் அரைக் கிலோமீட்டர் திரும்பி வரவே இரண்டு நிமிடம் பிடிக்கும். எப்போதும் காற்று வரும் மேற்குப் பக்கத்திலேயே வைத்து ஓட்டுங்கள். பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளுக்குப் பின்னால் காற்று சுருண்டு விழும். அங்கே தாழப் பறந்தால் எந்தக் கெயினும் உதவாது.

இப்போதைக்கு உங்கள் விமானத்தில்: சர்வோக்களைக் கையால் மெல்லத் திருப்பிப் பல் உடைந்த சத்தம் வருகிறதா பாருங்கள், மோட்டார் அச்சைச் சுற்றிப் பாருங்கள், ஸ்டெபிலைசரின் ஃபோம் டேப்பைப் புதிதாக மாற்றுங்கள். பிறகு ப்ரொப்பெல்லர் இல்லாமல் கரன்ட் கொடுத்து வலது இறக்கையை வெடுக்கென்று கீழே சாயுங்கள். வலது ஏலரான் மேலே போனால், உங்கள் கேள்விக்கு விடை அதுதான்.